ஈஸ்டர் விருந்து: இருபத்து நான்கு பேர், ஒரு சிறிய பிரிட்ஜ், நள்ளிரவுத் திருவிழிப்பு

கோட்டாறு மருமகள் | 16 மார்ச் 2024

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 31 அன்று வருகிறது. மதிய விருந்து எங்கள் வீட்டில் என்று குடும்பத்தில் முடிவாகிவிட்டது. மாமியார், கொழுந்தனார் குடும்பம், இரண்டு நாத்தனார்களின் குடும்பங்கள், என் அம்மா அப்பா என்று எண்ணினால் இருபத்து நான்கு பேர்; அவர்களில் ஆறு பேர் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். இவர்களில் பதினோரு பேர் சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பு வழிபாடு முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கே வந்து தங்குவார்கள். நாற்பது நாள் தவக்காலத்துக்குப் பிறகு வரும் அந்த நள்ளிரவில் எல்லோருடைய வாயிலும் ஏதாவது ஓர் இனிப்பு விழ வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

சென்ற ஆண்டும் விருந்து எங்கள் வீட்டில்தான் நடந்தது. அன்று வாசகங்கள் முடிவதற்கு முன்பே நான் கோயிலிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் இஷ்டு (தேங்காய்ப் பால் சேர்த்த கறிக் குழம்பு) கொதித்துக்கொண்டிருந்தபோது, 'உன்னதங்களிலே' பாடலுக்குக் கோயில் மணிகள் எல்லாம் ஒன்றாக ஒலிப்பது சமையலறை ஜன்னல் வழியே கேட்டது. பெரிய வியாழன் இரவிலிருந்து மணியோசையே இல்லாமல், அதற்குப் பதிலாகத் தட்டும் மரக்கட்டைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த மணியைக் கையில் கரண்டியோடு நின்று கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்படி ஓடிவந்து செய்த ஆட்டுக்கறி இஷ்டுவும் மறுநாள் பதினொரு மணிக்கே புளித்த வாடை அடித்தது. முழுவதையும் கொட்டும்படி ஆயிற்று.

என்னிடம் ஓவன் கிடையாது. மூன்று பர்னர் உள்ள அடுப்பு, எட்டு லிட்டர் குக்கர், பெரிய இட்லிப் பானை, 240 லிட்டர் பிரிட்ஜ் ஆகியவை இருக்கின்றன. முன்கூட்டியே செய்து வைக்கக்கூடிய எளிய இனிப்புகள் எவை, பங்குனி வெயிலில் கெட்டுப்போகாமல் இறைச்சியை எப்படிச் சமைத்து வைப்பது, எந்த வேலையை எந்த நாளில் முடிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியோடு இருப்பேன். மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எல்லோரும் இனிப்புச் சாப்பிடும்போது அவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதும் என் கவலைகளில் ஒன்று.


மணப்பாட்டு அத்தை | 16 மார்ச் 2024

மகளே, மணியோசையைச் சமையலறையில் நின்று கேட்டதாக நீ எழுதியிருந்த இடத்தில் சிறிது நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன். நானும் எத்தனையோ ஆண்டுகள் அப்படி நின்றிருக்கிறேன். ஆகவே கடைசி ஆசீர் வரைக்கும் நீ கோயிலில் இருக்க வேண்டும் என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, சமையலை அதற்கு ஏற்றபடி வகுத்துக்கொள்வோம்.

பெரிய வெள்ளிக்கிழமையைக் கணக்கிலேயே சேர்க்காதே. அன்று எங்கள் வீட்டில் கஞ்சிக்கும் பயற்றுக்கும் தவிர அடுப்பு எரியாது. அதோடு, ஒருசந்தி (ஒருவேளை உணவு நோன்பு) இருக்கிறவள் உப்புப் பார்க்க முடியாது. உப்புப் பாராத பண்டத்தை இருபத்து நான்கு பேருக்குப் பரிமாறவும் முடியாது. இறைச்சியையும் நாங்கள் சனிக்கிழமை விடியும் முன் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. ஆகவே உலர்ந்த பண்டங்களைப் புதன்கிழமையும் வியாழன் முற்பகலிலும் செய்துவிடு. ஈரப் பண்டங்களையும் கறிகளையும் சனிக்கிழமை காலை முதல் மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடு. நான்கு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, குளித்துவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கு. அந்தத் தூக்கம் இல்லாமல் திருவிழிப்பில் உட்கார்ந்தால் முதல் வாசகத்திலேயே கண் சொக்கிவிடும்.

கோயிலிலிருந்து திரும்பும்போது மணி ஒன்றரை, இரண்டு ஆகிவிடும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். ஒரு துண்டு கேக், இரண்டு மக்ரூன், சூடான தேநீர் இவ்வளவுதான் வேண்டும். மக்ரூனை வீட்டில் செய்ய முயலாதே. முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிப்பருப்பும் மட்டுமே சேர்ந்த பண்டம் அது. குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர வேண்டும். ஓவன் இல்லாமல் அது கைகூடாது. தூத்துக்குடியிலிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்து ஒரு கிலோ வாங்கிவரச் சொல். வந்ததும் மூடி இறுக்கமான தகர டப்பாவில் வை. கடற்காற்று பட்டால் ஒரே மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும்.

பிள்ளைகளுக்கு முந்திரி முட்டை செய்து வை. இதற்கு ஓவனும் வேண்டாம், பிரிட்ஜும் வேண்டாம். 250 கிராம் முந்திரிப்பருப்பை, உங்கள் பக்கத்தில் அண்டிப்பருப்பு என்பீர்கள், வறுக்காமல் மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். அதோடு அதே அளவு பொடித்த சீனியும் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து, அடி கனமான சட்டியில் சிறு தீயில் கிளறினால், எட்டுப் பத்து நிமிடத்தில் சட்டியை விட்டு உருண்டு திரளும். ஆறியதும் ஒரு தேக்கரண்டி ரோஜாப் பன்னீர் விட்டுப் பிசைந்து, மூன்றாகப் பிரித்து வெவ்வேறு நிறம் சேர்த்து, புறா முட்டையைவிடச் சிறியதாக உருட்டினால் நாற்பது முட்டை வரும். புதன்கிழமை மாலை பிள்ளைகளையே உருட்ட வைத்தால் அவர்களுக்கும் ஈஸ்டர் அன்றே தொடங்கிவிடும்.

மதிய விருந்தின் முதன்மை இனிப்புக்குக் காரமல் புட்டிங்கைத்தான் சொல்வேன். முதல் நாளே செய்தால்தான் நன்றாக இருக்கும் பண்டம் அது. செய்த உடனே கவிழ்த்தால் காரமல் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு குளிர்ந்து கிடந்தால் அது தானாகக் கரைந்து பாகாகிவிடும். ஒரு லிட்டர் பாலுக்கு எட்டு முட்டை, 200 கிராம் சீனி. காரமலுக்குத் தனியாக 150 கிராம் சீனி. இரண்டு பாத்திரங்களாகப் பிரித்துக்கொள். சீனியைத் தண்ணீர் விடாமல் சிறு தீயில் உருக்கு. தேன் நிறத்தைத் தாண்டி, தேய்த்த செம்புக் காசின் நிறம் வந்ததும் உடனே பாத்திரங்களில் ஊற்றிச் சுழற்றிவிடு. ஒரு கணம் தாமதித்தாலும் கசந்துவிடும். சிறிது நேரத்தில் அது இறுகி, கண்ணாடி கீறுவது போல மெல்லிய சத்தம் எழும். அதைக் கேட்டுப் பயப்படாதே. காய்ச்சி ஆறவைத்த பாலில் சீனியைக் கரைத்து, முட்டையை நுரை வராமல் கலக்கிச் சேர்த்து, வடிகட்டி ஊற்று. அலுமினியத் தாளால் வாயை இறுக்கமாக மூடு. மூடியிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் அந்த இடம் குழிந்துவிடும். இட்லிப் பானையில் நீராவி வந்த பிறகு தீயைக் குறைத்து முப்பத்தைந்து நிமிடம் வேகவை. ஓரம் இறுகி, நடுப்பகுதி மட்டும் கன்றுக்குட்டியின் தோல் சிலிர்ப்பது போல அசைந்தால் பதம் சரி. ஆறும்போது மீதியும் இறுகும். தீ அதிகமானால் உள்ளே தேன்கூடு போல ஓட்டை விழும் என்பதை மட்டும் மறவாதே.

கறிக்கு விண்டாலு செய். போர்ச்சுகீசியர் காலத்தில் கோவாவில் உருவாகி, வினிகரும் பூண்டும் வற்றல் மிளகாயும் சேர்ந்த அந்தக் குழம்பு இரண்டாம் நாள்தான் ருசிக்கும்; தேங்காய் சேராததால் புளிக்கவும் புளிக்காது. சனிக்கிழமை காலையில் மூன்று கிலோ பன்றி இறைச்சியை மசாலாவில் ஊறவைத்து, மதியத்துக்குள் வேகவைத்து, மண்சட்டியோடு வெளியிலேயே வைத்துவிடலாம். வினிகர் அதைக் காக்கும்.


விடுதிச் சமையற்கூடம் | 17 மார்ச் 2024

இருபது ஆண்டுகளாக மாணவர் விடுதி ஒன்றின் சமையற்கூடத்தை மேற்பார்வை பார்த்து வருகிறேன். அத்தை சொன்ன நாள் வகுப்பையும் காரமல் புட்டிங்கையும் முழுமனதோடு ஏற்கிறேன். விண்டாலுவை வெளியிலேயே வைக்கலாம் என்பதை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். நாம் இன்று சேர்க்கும் வினிகர் ருசிக்குப் போதுமே தவிர, இறைச்சியைக் காக்கப் போதாது. பங்குனி இரவில் நாகர்கோவில் சமையலறையின் வெப்பம் கிருமிகள் பெருகுவதற்கு மிகவும் ஏற்றது. சமைத்த உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 பாகைக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும்; இரண்டுக்கும் நடுவே அது கிடக்கும் நேரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். விருந்துக்கு வருகிறவர்களில் முதியவர்களும் சிறு பிள்ளைகளும் இருக்கும்போது இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

மூன்று கிலோ கறியை ஆழமான சட்டியோடு பிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி குளிர்வதற்குப் பாதி இரவு ஆகிவிடும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கியதும் அகலமான, ஆழம் குறைந்த எவர்சில்வர் பாத்திரங்களில் மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பிக்கொள்ளுங்கள். ஒரு பெரிய பேசினில் தண்ணீரும் ஐஸும் போட்டு, அதில் இந்தப் பாத்திரங்களை மூடாமல் வைத்து, இடையிடையே கிளறிவிட்டால் அரை மணி நேரத்தில் கைச்சூட்டுக்கும் கீழே வந்துவிடும். பிறகு மூடி பிரிட்ஜில் வைக்கலாம். மறுநாள் பரிமாறுவதற்கு முன் குழம்பு முழுவதும் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் குமிழி வந்தால் போதாது.

உங்கள் இஷ்டு கெட்டதற்குக் காரணம் தேங்காய்ப் பாலோடு முழுவதையும் இரவே சமைத்து வைத்ததுதான் என்று எண்ணுகிறேன். அதை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஆட்டுக்கறியைப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், மிளகு, இஞ்சி, சின்ன வெங்காயம், உப்பு ஆகியவற்றோடு சனிக்கிழமையே குக்கரில் வேகவைத்து, மேலே சொன்னபடி குளிர்வித்து வையுங்கள். உருளைக்கிழங்கு வேண்டாம், குளிரில் கிடந்தால் அதன் உள் மாவு மணல்போல் ஆகிவிடும். ஞாயிறு காலையில் கறியைக் கொதிக்கவிட்டு, உருளைக்கிழங்கும் கேரட்டும் சேர்த்து, வெந்ததும் இரண்டாம் பாலை விட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியாக முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் பதினொன்றரைக்குள் முடிந்துவிடும்.

ஆப்பம் சுடும் எண்ணம் இருந்தால் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஆளுக்கு மூன்று என்றால் எழுபத்திரண்டு ஆப்பம். ஒன்றுக்கு மூன்று நிமிடம், இரண்டு சட்டி வைத்தாலும் நூற்றெட்டு நிமிடம் நீங்கள் அடுப்பை விட்டு நகர முடியாது. எல்லோரும் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் ஆப்பச் சட்டியோடு நிற்கும் விருந்து எனக்குச் சரியாகப் படவில்லை. நெய்ச்சோறு வைத்துவிடுங்கள். அதையும் ஞாயிற்றுக்கிழமை புதிதாகவே வடிக்க வேண்டும். வடித்த சோற்றை இரவெல்லாம் வெளியில் வைத்திருந்தால், அதில் உண்டாகும் நஞ்சு மறுநாள் சூடாக்கினாலும் அழியாது.

இனிப்பில் இன்னொன்று சேர்க்கலாம்: இளநீர் புட்டிங். கடைகளில் விற்கும் ஜெல்லித் தூளில் ஜெலட்டின் இருந்தால், அது நம் கோடை வெப்பத்திலேயே இளகிவிடும்; பரிமாறி முடிப்பதற்குள் தட்டில் தண்ணீர் நிற்கும். கடற்பாசியில், அதாவது சைனா கிராஸில், செய்தால் அந்தக் கவலை இல்லை. அது சுமார் 40 பாகைக்குக் கீழே வந்தாலே உறைந்துவிடும். திரும்ப உருகுவதற்கு 85 பாகைக்கு மேல் சூடு வேண்டும். மன்னார் வளைகுடாவில் நம் மீனவப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் பாசியிலிருந்தும் இது எடுக்கப்படுகிறது. 10 கிராம் பாசியைக் கால் மணி நேரம் ஊறவைத்து, ஒரு கோப்பை இளநீரில் ஓர் இழைகூடத் தெரியாத அளவுக்குக் கொதிக்கவிட்டுக் கரையுங்கள். மற்றோர் அடுப்பில் அரை லிட்டர் பாலை ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க்கோடு சூடாக்கி, இரண்டும் சூடாக இருக்கும்போதே வடிகட்டிக் கலக்க வேண்டும். பால் குளிர்ந்திருந்தால் பாசி திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். மூன்று இளநீரின் வழுக்கையைப் பாதி அரைத்தும் பாதி சிறு துண்டுகளாக நறுக்கியும் சேர்த்து ஊற்றினால் பதினைந்து பேருக்கு வரும். உங்கள் மாமியாருக்கு, கண்டென்ஸ்டு மில்க் சேர்ப்பதற்கு முன்பே, ஒரு கிண்ணம் அளவுக்குப் பாலும் பாசியும் வழுக்கையும் மட்டும் தனியாகக் கலந்து வைத்துவிடுங்கள். ஏலக்காய்த்தூள் ஒரு சிட்டிகை போதும். அதிலும் பாலின் சர்க்கரையும் இளநீரின் சர்க்கரையும் இருக்கும் என்பதால் கிண்ணம் சிறியதாக இருக்கட்டும்.

240 லிட்டரில் இவ்வளவும் அடங்குமா என்று கேட்பீர்கள். தண்ணீர்ப் பாட்டில்கள், காய்கறி, மாவு ஆகியவற்றை சனிக்கிழமை காலையிலேயே வெளியேற்றுங்கள். புதிய தெர்மகோல் பெட்டி ஒன்றை வாங்கி ஐஸ் நிரப்பினால் குடிநீரும் பழச்சாறும் அதில் இருந்துகொள்ளும்.


மணப்பாட்டு அத்தை | 17 மார்ச் 2024

தம்பி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். என் அம்மா வெளியில் வைத்த விண்டாலுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ந்ததில்லை. மேலே ஓர் அங்குலத்துக்குக் கொழுப்பு உறைந்து மூடியிருக்கும். காலையும் மாலையும் கொதிக்கவைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பக்குவத்தைச் சொல்லாமல் முடிவை மட்டும் எழுதிவிட்டேன். மகளே, நீ பிரிட்ஜிலேயே வை.


நீர்கொழும்புக் குசினி | 18 மார்ச் 2024

வணக்கம் தங்கச்சி. நான் இலங்கையில் நீர்கொழும்பைச் சேர்ந்தவள். முட்டை இனிப்பு ஒன்றைத்தான் செய்வதென்றால், காரமல் புட்டிங்குக்குப் பதிலாகவோ அதோடு கூடவோ வட்டிலப்பத்தையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் நாட்டில் முஸ்லிம் வீடுகளின் நோன்புப் பெருநாள் பண்டமாக அறியப்பட்டாலும், கிறிஸ்தவ வீடுகளிலும் பெருவிழாக்களுக்கு இதைச் செய்வோம். உங்கள் பக்கத்திலும் காயல்பட்டினத்து, கீழக்கரை வீடுகளில் இதை அறிவார்கள்.

நாங்கள் கித்துள் என்ற பனை வகையின் கருப்பட்டியில் செய்வோம். உங்களுக்கு உடன்குடிப் பனங்கருப்பட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறெதையும் தேட வேண்டியதில்லை. 300 கிராம் கருப்பட்டியைத் தட்டி, கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள். பதநீரில் சேர்ந்த சுண்ணாம்பும் மணலும் அடியில் நிற்கும். பாகு நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும்; அவசரப்பட்டுச் சூட்டோடு முட்டையில் ஊற்றினால் முட்டை அங்கேயே பொரிந்து திரிந்துவிடும். ஆறு முட்டையை அடித்து, பாகையும் 400 மில்லி கெட்டித் தேங்காய்ப் பாலையும் சேர்த்து, ஏலக்காய், சாதிக்காய் தூவி, மறுபடியும் வடிகட்டி, மூடி, நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். கஜுவை, அதாவது முந்திரிப்பருப்பை, மேலே தூவுவதானால், பாதி வெந்த பிறகு தூவினால்தான் அமிழாமல் நிற்கும். வட்டிலப்பத்தில் சிறு சிறு கண்கள் விழுவது குற்றமில்லை. கருப்பட்டிப் பாகு அவற்றில் தங்கும் என்று எங்கள் அம்மம்மா அதையே விரும்புவார். கவிழ்க்கவும் வேண்டாம், பாத்திரத்திலிருந்தே வெட்டிக் கொடுக்கலாம்.

தேங்காய்ப் பால் சேர்ந்திருப்பதால் சனிக்கிழமை மதியம் செய்து, ஆறியதும் குளிரில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். இன்னொன்று: கருப்பட்டி என்பதால் சர்க்கரை நோய் உள்ளவர் சாப்பிடலாம் என்று சிலர் ஆசையோடு எடுத்துக் கொடுப்பார்கள், அதுவும் சர்க்கரையேதான். உங்கள் மாமியாருக்கு அந்த இளநீர்க் கிண்ணமே நல்லது.


கோட்டாறு மருமகள் | 18 மார்ச் 2024

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் மட்டும். பிள்ளைகளுக்கு அன்னாசிப்பழம் பிடிக்கும். இளநீர் புட்டிங்கில் அதைச் சேர்க்கலாமா? காரமல் புட்டிங்கை வியாழன் காலையிலேயே செய்து வைத்தால் சனிக்கிழமையின் சுமை குறையுமா?


விடுதிச் சமையற்கூடம் | 18 மார்ச் 2024

சமைக்காத அன்னாசியில் உள்ள ஒரு நொதி ஜெலட்டினைச் சிதைத்து உறையவிடாமல் செய்யும். கடற்பாசியை அது ஒன்றும் செய்யாது. ஆனால் அன்னாசியின் புளிப்பு பாலைத் திரித்துவிடும். ஆகவே பாலில் கலக்காமல், பரிமாறும்போது மேலே துண்டுகளாக வையுங்கள். காரமல் புட்டிங்கை வியாழன் அன்று செய்தால் ஞாயிறு மதியத்துக்குள் மூன்று நாளாகிவிடும். இடையில் மின்தடை வந்தால் முட்டையும் பாலும் சேர்ந்த பண்டத்தை நம்ப முடியாது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்; அது ஆவியில் வேகும்போது கறியைக் கழுவி மசாலா புரட்டிவிடலாம்.


கோட்டாறு மருமகள் | 3 ஏப்ரல் 2024

எல்லோருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை மாலை பிள்ளைகள் ஆறு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்று முந்திரி முட்டை உருட்டினார்கள். முப்பத்தெட்டு வந்தது, மீதி வாய்க்குள் போயிருக்கும். ஒவ்வொன்றையும் நிறத்தாளில் சுற்றி டப்பாவில் வைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். வியாழன் இரவு ஆராதனையிலும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையிலும் அடுப்பைப் பற்றிய நினைப்பே இல்லாமல் நின்றேன்.

சனிக்கிழமை காலையில் என் கணவர் ஐந்து மணிக்கே கறிக்கடை வரிசையில் நின்று வாங்கிவந்துவிட்டார். காரமல் புட்டிங் இரண்டில் ஒன்று அத்தை சொன்னது போலவே வழவழவென்று வந்தது. மற்றதில் தேன்கூடு விழுந்துவிட்டது. கறி கழுவும் அவசரத்தில் அந்த அடுப்பின் தீயைக் குறைக்க மறந்துவிட்டேன். ருசியில் வேறுபாடு இல்லை. முதலில் நல்லதைக் கவிழ்த்துவிட்டு, மற்றதைத் துண்டுபோட்டே மேசைக்குக் கொண்டுவந்தேன். நாத்தனார் தட்டை மேலே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சில் கவிழ்த்தார், ஒன்றும் நடக்கவில்லை, பத்து எண்ணுவதற்குள் 'தொபுக்' என்று உள்ளே சத்தம் கேட்டது. பாத்திரத்தைத் தூக்கியதும் செம்பு நிறப் பாகு நான்கு பக்கமும் வழிந்து தட்டின் விளிம்பில் வந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இஷ்டுவைப் பிரித்துச் செய்ததுதான் எனக்குப் பெரிய விடுதலை. ஞாயிறு காலை எட்டு மணி வரை தூங்கி எழுந்து, பத்து மணிக்குப் பிரிட்ஜிலிருந்து கறியை எடுத்துக் கொதிக்கவிட்டு, தேங்காய் துருவி அரைத்துப் பால் எடுத்துச் சேர்த்தேன். பகல் மூன்று மணிக்கும் அதில் புளித்த வாடை இல்லை. நெய்ச்சோற்றைப் பார்த்ததும் என் கொழுந்தனார் ஆப்பம் இல்லையா என்று ஒரு முறை கேட்டார். நானும் உட்கார்ந்து உங்களோடு சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. விண்டாலுவில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.

மாமியாரின் இளநீர்க் கிண்ணத்தை எல்லோருடைய புட்டிங் கிண்ணங்களோடும் சேர்த்தே மேசையில் வைத்தேன். தனக்கென்று தனியாகச் செய்தது என்று தெரிந்ததும் அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அடுத்த ஆண்டு வழுக்கையை இன்னும் பெரிய துண்டாக நறுக்கு, பல் இன்னும் இருக்கிறது என்றார்.

திருவிழிப்பில் ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களும் முடிந்து, பீட விளக்குகள் ஏற்றப்பட்டு, மணிகள் ஒலித்தபோது என் இளைய மகள் மடியில் உறங்கிக்கொண்டிருந்தாள். திடுக்கிட்டு எழுந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று பாடினேன். வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றே முக்கால். மக்ரூன் டப்பாவைத் திறந்தோம். தேநீர் கொதிப்பதற்குள் பாதி காலியாகிவிட்டது.

நீர்கொழும்பு அக்காவுக்கு ஒரு கேள்வி. வட்டிலப்பத்தைச் சுவைத்துவிட்டு என் அம்மா அளவை எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் சாதிக்காயைப் பாதி துருவிச் சேர்த்துவிட்டேன். வாசனை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. ஆறு முட்டைக்கு எவ்வளவு சேர்ப்பீர்கள்?


நீர்கொழும்புக் குசினி | 4 ஏப்ரல் 2024

தங்கச்சி, பாதி மிகவும் அதிகம். துருவியில் நான்கைந்து இழுப்பு, கால் தேக்கரண்டிக்கும் குறைவாக வரும், அதுவே போதும். அம்மாவிடம் ஏலக்காய் ஆறு என்றும் சொல்லிவிடுங்கள். நான் அளவு எழுதாமல் விட்டுவிட்டேன்.